பட்டியலில் ஒரு பெயர்: ஃபிரெட் உல்மனின் ‘ரீயூனியன்’ நாவலும் ஒரு ஸ்டுட்கார்ட் பள்ளிக்கூடமும்



பள்ளிக்கூட நண்பர்களை நாற்பது, ஐம்பது வயசுல திரும்பக் கண்டுபிடிக்கிறது இப்போ பெரிய அதிசயம் இல்லை. யாராவது ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிப்பார். முதல் வாரம் பழைய போட்டோ வரும். ரெண்டாவது வாரம் யார் எங்கே இருக்காங்கன்னு பட்டியல் போடுவாங்க. மூணாவது வாரம் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யணும்னு நன்கொடைப் பேச்சு வந்துடும். அந்தப் பட்டியல்ல ரெண்டு மூணு பெயருக்குப் பக்கத்துல “இப்போ இல்லை”ன்னு யாராவது எழுதுவாங்க. அன்னைக்கு மட்டும் குரூப் கொஞ்சம் அமைதியா இருக்கும்.

இன்னைக்கு நாம பேசப் போகிற நாவலும் அப்படி ஒரு நன்கொடைக் கடிதத்தில்தான் முடிகிறது. நாவலின் பெயர் ‘ரீயூனியன்’. மறுபடி ஒன்று சேர்தல்னு சொல்லலாம். எழுதியவர் ஃபிரெட் உல்மன். ஜெர்மனியில் பிறந்த யூதர். ஆனால் புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 1971-ல் லண்டனில் வெளிவந்தது. நூறு பக்கம்கூட வராத சின்னப் புத்தகம். முதலில் அவ்வளவாக யாரும் கவனிக்கவில்லை. 1977-ல் ஆர்தர் கெஸ்லரின் முன்னுரையோடு திரும்ப வந்தபோதுதான் பேசப்பட்டது. அடுத்த வருஷம் பிரெஞ்சில் வந்து, அங்கே பள்ளிப் பிள்ளைகள் படிக்கிற புத்தகமாகவே ஆகிவிட்டது. பிரெஞ்சுத் தலைப்புக்கு ‘திரும்பக் கிடைத்த நண்பன்’ என்று அர்த்தம்.

ஒரு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். இந்த நாவலின் கடைசி வரியைப் பற்றிப் பேசாமல் இந்த எபிசோடைச் செய்ய முடியாது. அதனால முடிவு தெரியாமல் படிக்கணும்னு நினைக்கிறவங்க இங்கேயே நிறுத்தி, ஒரு சாயங்காலம் ஒதுக்கிப் படிச்சிட்டு வாங்க. நாங்க இங்கேயேதான் இருப்போம்.

இரண்டு பையன்கள்

கதை 1932 பிப்ரவரியில் தொடங்குகிறது. இடம் தென்மேற்கு ஜெர்மனியில் இருக்கும் ஸ்டுட்கார்ட். சொல்பவன் பெயர் ஹான்ஸ் ஷ்வார்ட்ஸ். வயது பதினாறு. அப்பா யூத டாக்டர். தாத்தா, முப்பாட்டன் வழியில் ரப்பிகள், அதாவது யூத மத குருமார்கள். ஆனால் வீட்டில் மதம் பெரிதாக இல்லை. கிறிஸ்துமஸ் மரம் வைக்கிற வீடுதான். தாங்கள் முதலில் ஸ்வேபியப் பகுதிக்காரர்கள், அப்புறம் ஜெர்மானியர்கள், அதற்கும் அப்புறம்தான் யூதர்கள் என்று நினைக்கிற குடும்பம்.

ஒருநாள் வகுப்பில் புதுப் பையன் ஒருவன் வந்து உட்காருகிறான். கொன்ராடின் ஃபான் ஹோஹென்ஃபெல்ஸ். பாடப் புத்தகத்திலேயே அவன் முன்னோர்களின் பெயர் வருகிற அளவுக்குப் பழைய பிரபு குடும்பம். வகுப்பே அவனைச் சுற்றி வருகிறது. ஹான்ஸுக்கு அவனோடு நட்பாக வேண்டும். எப்படி? அவனிடம் பழைய கிரேக்க நாணயங்களின் சேகரிப்பு இருக்கிறது. அதில் சிலவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, கொன்ராடின் கண்ணில் படுகிற மாதிரி வைத்துப் பார்க்கிறான். பதினாறு வயசுல நாம எல்லாரும் இந்த மாதிரி ஏதாவது ஒரு வேலை பண்ணியிருப்போம். அது பலிக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். கவிதை, கடவுள், பெண்கள், வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா இல்லையா, எல்லாம் பேசுகிறார்கள்.

முதல் விரிசல் ஹான்ஸின் வீட்டிலேயே வருகிறது. கொன்ராடின் அங்கே வரும்போது, ஹான்ஸின் அப்பா, ஊரே மதிக்கிற டாக்டர், அந்தப் பதினாறு வயதுப் பையன் முன்னால் ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக நின்று, ‘பிரபு’ என்று மரியாதையாக அழைக்கிறார். ஹான்ஸுக்கு அவமானமாக இருக்கிறது. அப்பா மேல் கோபம். அந்தக் கோபத்தைப் பற்றியே பின்னால் வெட்கம்.

பெரிய விரிசல் ஓபரா அரங்கில். அன்று பீத்தோவனின் ‘ஃபிடேலியோ’. அநியாயமாகச் சிறையில் கிடக்கும் கணவனை மனைவி மீட்கிற கதை. கொன்ராடின் தன் பெற்றோரோடு வருகிறான். ஹான்ஸ் காத்து நிற்கிறான். கொன்ராடின் அவனைப் பார்க்காத மாதிரி கடந்து போகிறான். அடுத்த நாள் ஹான்ஸ் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிடுகிறான்: அம்மாவுக்கு யூதர்களைக் கண்டால் வெறுப்பு. அதனால்தான் பெற்றோர் ஊரில் இல்லாத நாள்களில் மட்டும் ஹான்ஸை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறான்.

கொஞ்ச நாளில் வகுப்பறையும் மாறுகிறது. புது வரலாற்று ஆசிரியர் வருகிறார், நாஜி வரலாறு சொல்கிறார். கூடப் படித்த பையன்கள் ஹான்ஸைச் சீண்ட ஆரம்பிக்கிறார்கள். 1933 ஜனவரியில் பெற்றோர் அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கிளம்பும் நேரத்தில் கொன்ராடினிடமிருந்து கடிதம் வருகிறது. பாசமான கடிதம்தான். ஆனால் ஹிட்லரால்தான் ஜெர்மனியைக் காப்பாற்ற முடியும் என்று தான் நம்புவதாக அதில் எழுதியிருக்கிறான்.

அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிடுகிறது. ஹான்ஸ் அமெரிக்காவில் வெற்றிகரமான வக்கீல். நடுவயது. ஜெர்மானியர்களைச் சந்திப்பதையே தவிர்க்கிறவர். ஒருநாள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து தபால் வருகிறது. போரில் இறந்த பழைய மாணவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப் போகிறோம், நன்கொடை தாருங்கள் என்று ஒரு வேண்டுகோள். கூடவே இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல், அகர வரிசையில்.

அவர் முதலில் அதைத் தூக்கி எறியத்தான் பார்க்கிறார். பிறகு படிக்கிறார். ஆனால் ‘ஹெச்’ எழுத்தை மட்டும் தவிர்த்துவிட்டு மற்ற எல்லாப் பெயர்களையும் படிக்கிறார். கூடப் படித்த எத்தனையோ பேர் அதில் இருக்கிறார்கள். கடைசியில் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறார். ஹோஹென்ஃபெல்ஸ் என்ற பெயருக்கு எதிரே, ஹிட்லரைக் கொல்லும் சதியில் பங்கு இருந்ததற்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர் என்ற தகவல்.

அதோடு நாவல் முடிந்துவிடுகிறது. அழுகை, விளக்கம் எதுவும் இல்லை. தலைப்பு சொல்கிற அந்த ‘ஒன்று சேர்தல்’ இதுதான். ஒருத்தர் உயிரோடு, இன்னொருத்தர் அச்சடித்த ஒரு வரியாக.

எழுதியவர் யார்

உல்மன் 1901-ல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்தவர். சட்டம் படித்து அங்கேயே வக்கீலாக இருந்தார். சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். ஹிட்லர் 1933 ஜனவரி 30-ல் சான்சலர் ஆனார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, நாஜிப் பக்கம் இருந்த ஒரு நீதிபதியே நட்புக்காக அவரை எச்சரித்தார். உல்மன் அந்த மார்ச்சிலேயே பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இந்த ஒரு தகவலை மனசுல வெச்சுக்கங்க. ஒரு நாஜியின் நட்புதான் அவர் உயிரைக் காப்பாற்றியது. பின்னால் அவர் எழுதிய நாவலில் நட்பையும் அரசியலையும் சுலபமாகப் பிரிக்க முடியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பாரிஸில் வக்கீல் தொழில் செய்ய முடியாது. அதனால் படம் வரைய ஆரம்பித்தார். அப்புறம் கொஞ்ச நாள் ஸ்பெயின். அங்கே உள்நாட்டுப் போர் தொடங்கியதும் 1936-ல் இங்கிலாந்து. அங்கே ஓர் ஆங்கிலப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். 1940-ல் பிரிட்டன், ஜெர்மன் குடிமக்களை எல்லாம் ‘எதிரி நாட்டார்’ என்று பிடித்து அடைத்தபோது, ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த இந்த யூதரையும் ஐல் ஆஃப் மேன் தீவில் ஹட்சின்சன் முகாமில் அடைத்தது. அதே முகாமில் இருந்த புகழ்பெற்ற ஓவியர் கர்ட் ஷ்விட்டர்ஸ் அங்கே வைத்தே உல்மனின் உருவப்படத்தை வரைந்தார்.

ஜெர்மனியில் தங்கிவிட்ட உல்மனின் பெற்றோரும் சகோதரியும் யூதப் படுகொலையில் இறந்தார்கள். உல்மன் கடைசிவரை இங்கிலாந்திலேயே இருந்து 1985-ல் காலமானார். நாவல் வெளிவந்தபோது அவருக்கு வயது எழுபது.

பதக்கம் அணிந்த அப்பா

நாவலில் இன்னொரு காட்சி இருக்கிறது. ஹான்ஸ் அமெரிக்கா போன பிறகு நடப்பது. யூத டாக்டரிடம் போகாதீர்கள் என்ற பலகையோடு ஒரு நாஜியை அப்பாவின் கிளினிக் வாசலில் நிறுத்துகிறார்கள். அப்பா என்ன செய்கிறார்? முதல் உலகப் போரில் அணிந்த ராணுவ உடையை எடுத்துப் போடுகிறார். இரும்புச் சிலுவை உட்பட எல்லாப் பதக்கங்களையும் குத்திக்கொள்கிறார். வெளியே வந்து அந்த நாஜியின் பக்கத்திலேயே நிற்கிறார். கூட்டம் கூடுகிறது. கடைசியில் அந்த ஆள்தான் கூச்சப்பட்டு இடத்தைக் காலி செய்கிறான். ஆனால் கொஞ்ச காலம் கழித்து, அப்பா ஒரு ராத்திரி கேஸைத் திறந்துவிட்டு, தானும் மனைவியும் சாகும்படி செய்துவிடுகிறார்.

இது நாவலாசிரியரின் கற்பனை மட்டும் இல்லை. முதல் உலகப் போரில் சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தார்கள். சுமார் 12,000 பேர் இறந்தார்கள். அப்படியிருந்தும் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1916-ல், யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் டபாய்க்கிறார்களா என்று ராணுவம் தலைக்கணக்கு எடுத்தது. பதக்கம் வாங்கியவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

1933 ஏப்ரல் 1. யூதக் கடைகளையும் யூத டாக்டர்களையும் வக்கீல்களையும் புறக்கணிக்கச் சொல்லி ஜெர்மனி முழுக்க நாஜிகள் ஆட்களை நிறுத்திய நாள். அன்று கொலோன் நகரில் ரிச்சர்ட் ஸ்டெர்ன் என்ற வியாபாரி, மெத்தை, படுக்கை விரிப்பு விற்கும் தன் கடை வாசலில், தன் இரும்புச் சிலுவைப் பதக்கத்தை அணிந்துகொண்டு, காவலுக்கு நின்ற நாஜியின் பக்கத்திலேயே போய் நின்றார். அதன் புகைப்படம் இன்னும் இருக்கிறது. அவர் 1939-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து, அங்கேயும் வீரத்துக்காக ‘சில்வர் ஸ்டார்’ பதக்கம் வாங்கினார். நாவலில் வரும் டாக்டருக்கு அந்த இரண்டாவது வாய்ப்பு கிடைக்கவில்லை.

அதே ஏப்ரல் 7-ம் தேதி யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. அதில் போர்முனையில் சண்டையிட்டவர்களுக்கு விலக்கு இருந்தது. ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கேட்டுக்கொண்டதால் சேர்த்த விலக்கு. அதை நம்பி எத்தனையோ பேர் ‘நமக்கு ஒன்றும் ஆகாது’ என்று தங்கிவிட்டார்கள். இரண்டே வருஷத்தில் அந்த விலக்கும் போனது. ஏப்ரல் 25-ல் பள்ளிகளில் யூதப் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள். 1938 நவம்பரில் அரசுப் பள்ளிகளிலிருந்து அவர்களை முழுசாகவே வெளியேற்றினார்கள். 1941 டிசம்பர் 1-ம் தேதி ஸ்டுட்கார்ட்டிலிருந்து சுமார் 1,000 யூதர்களை ரயிலேற்றி லாட்வியாவின் ரீகாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்தான்.

நிஜப் பள்ளிக்கூடம்

நாவலில் பள்ளிக்கு ‘கார்ல் அலெக்சாண்டர் ஜிம்னாசியம்’ என்று பெயர். ஜெர்மனியில் ஜிம்னாசியம் என்றால் உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உயர்நிலைப் பள்ளி. உல்மன் நிஜத்தில் படித்தது எபர்ஹார்ட் லுட்விக்ஸ் ஜிம்னாசியத்தில். 1686-ல் தொடங்கிய பள்ளி. லத்தீன், கிரேக்கம், ஷில்லர், கதே என்று படிப்பிக்கிற இடம். ஊரின் பெரிய குடும்பத்துப் பிள்ளைகளும் வசதியான யூதக் குடும்பத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பள்ளி.

இந்தப் பள்ளியில் படித்த இன்னும் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லணும். இந்த எபிசோடே அவங்களுக்காகத்தான்.

முதலாமவர் கிளாஸ் ஃபான் ஸ்டாஃபன்பர்க். 1907-ல் பிறந்தவர். அப்பா வூர்ட்டம்பர்க் அரசரின் அரண்மனையில் உயர் அதிகாரி. கவிதையில் பித்து. அண்ணன்மார் பெர்த்தோல்டும் அலெக்சாண்டரும் அதே பள்ளி. 1944 ஜூலை 20-ம் தேதி, கிழக்கு பிரஷியாவில் இருந்த ஹிட்லரின் தலைமையகத்துக்குள் கைப்பெட்டியில் குண்டு கொண்டுபோய் வைத்தவர் இவர்தான். அப்போது அவருக்கு ஒரு கண் கிடையாது, வலது கை கிடையாது, இடது கையில் மூன்று விரல்தான். எல்லாம் துனீசியாப் போரில் போனவை. குண்டு வெடித்தது, ஹிட்லர் பிழைத்தார். அன்றிரவே பெர்லினில் ஸ்டாஃபன்பர்க்கைச் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்ட் 10-ல் அண்ணன் பெர்த்தோல்டைத் தூக்கிலிட்டார்கள்.

இரண்டாமவர் ஃபிரிட்ஸ் பாவர். 1903-ல் ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதர். சட்டம் படித்து, இளம் வயதிலேயே ஸ்டுட்கார்ட்டில் நீதிபதி ஆனார். உல்மனைப் போலவே சமூக ஜனநாயகக் கட்சி. உல்மன் தப்பிய அதே 1933 மார்ச்சில் பாவரைக் கைது செய்து ஹோய்பெர்க் வதை முகாமில் போட்டார்கள். மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு, பின்னர் டென்மார்க், அங்கிருந்து ஸ்வீடன். போர் முடிந்த பிறகு, பெரும்பாலான யூதர்கள் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். 1949-ல் ஜெர்மனிக்கே திரும்பினார். பிரவுன்ஷ்வைக் நகரில் அரசு தலைமை வழக்கறிஞர் பொறுப்பு கிடைத்தது.

பாவர் ஸ்டாஃபன்பர்க்கைவிட நான்கு வயது பெரியவர். இவர்களை நண்பர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே பள்ளியின் ஒரே காலத்துப் பிள்ளைகள்.

1952, பிரவுன்ஷ்வைக்

இப்போ நாவலின் கடைசி வரிக்குத் திரும்ப வருவோம். நம்ம எல்லாருக்கும் அதைப் படிச்சதும் என்ன தோணும்? ‘பரவாயில்லை, கொன்ராடின் நல்லவனாகிவிட்டான்’னு தோணும். இன்றைக்கு ஜூலை 20 ஆட்கள் ஜெர்மனியில் வீரர்கள். தெருக்களுக்கு அவங்க பெயர் இருக்கு. அதனால அந்த வரி நமக்கு இயல்பாகவே பெருமையான வரியாகத் தெரியுது.

ஆனால் போர் முடிந்த முதல் வருஷங்களில் அப்படி இல்லை. ஜெர்மானியர்களில் ரொம்பப் பேருக்கு ஸ்டாஃபன்பர்க் சத்தியத்தை மீறிய ராணுவ அதிகாரி. எல்லையில் வீரர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது முதுகில் குத்தியவர். தூக்கிலிடப்பட்டவர்களின் விதவைகள் பென்ஷனுக்கே அலைய வேண்டியிருந்தது.

1951 மே மாதம், கீழ் சாக்ஸனி மாநிலத் தேர்தலில் சோஷலிஸ்ட் ரைஷ் கட்சி என்ற புது நாஜிக் கட்சி 11 சதவீத வாக்கு வாங்கியது. அதன் முக்கியப் பேச்சாளர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். யார் இவர்? 1944 ஜூலை 20 அன்று பெர்லினில் காவல் படைக்குத் தலைவராக இருந்து, சதியை அடக்கியதில் பெரிய பங்கு வகித்த அதே அதிகாரி. அவர் பிரவுன்ஷ்வைக்கில் மேடையேறி, அந்தச் சதிகாரர்களில் பலர் வெளிநாட்டுக் காசு வாங்கிய தேசத்துரோகிகள் என்று பேசினார்.

அந்த ஊரில் அரசு வழக்கறிஞர் பாவர். வழக்கு அவர் கைக்கு வந்தது. சாதாரணமா இது ஒரு அவதூறு வழக்கு. இறந்தவர்களைப் பற்றித் தப்பாகப் பேசினார், அபராதம் கட்டுன்னு முடித்திருக்கலாம். பாவர் அப்படி முடிக்கவில்லை. 1952 மார்ச்சில் நடந்த விசாரணையை அவர் ஒரே கேள்வியின் மேல் நிறுத்தினார்: நாள்தோறும் கொலை செய்கிற ஓர் அரசை எதிர்ப்பது துரோகமா? சட்டத்தையே கொன்றுவிட்ட அரசுக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது, அதை எதிர்க்க ஒவ்வொருவருக்கும் உரிமை இருந்தது என்பது அவர் வாதம். இறையியல் அறிஞர்களையும் வரலாற்றாசிரியர்களையும் சாட்சிக் கூண்டுக்குக் கூட்டிவந்தார். இறுதி வாதத்தில் தன் பள்ளியையும் அங்கே படித்த ஸ்டாஃபன்பர்க்கையும் நினைவுகூர்ந்தார். கொடுங்கோலனை எதிர்க்கும் உரிமையைப் பேசுகிற ஷில்லரின் ‘வில்லியம் டெல்’ நாடகத்தைக் காட்டினார். அந்தப் பள்ளியில் படித்த எல்லாப் பையன்களுக்கும் தெரிந்த நாடகம் அது.

மார்ச் 15-ல் தீர்ப்பு. ரேமருக்கு மூன்று மாதச் சிறை. அதை அவர் அனுபவிக்கவே இல்லை, எகிப்துக்கு ஓடிவிட்டார். ஆனால் நீதிமன்றம் சொன்னதுதான் முக்கியம். ஜூலை 20 ஆட்கள் துரோகிகள் இல்லை, நாஜி அரசு சட்டப்படியான அரசாகவே இல்லை என்று ஒரு ஜெர்மன் நீதிமன்றம் எழுதி வைத்தது. அதே வருஷம் அக்டோபரில் ரேமரின் கட்சியை அரசியலமைப்பு நீதிமன்றம் தடை செய்தது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்க. வதை முகாமில் இருந்து, நாட்டைவிட்டு ஓடி, பல வருஷத்துக்குப் பிறகு திரும்பிய ஒரு யூதர். வயது நாற்பத்தெட்டு. அவர் நீதிமன்றத்தில் நின்று, தன் பள்ளியில் படித்த, இறந்துபோன ஒரு பிரபு குடும்பத்துப் பையனின் மானத்துக்காக வாதாடுகிறார். அந்தப் பையனின் குடும்பத்தை வாய்விட்டுப் பழித்தவர்கள் ஜெர்மன் தேசியவாதிகள். காப்பாற்றியவர் ஜெர்மனி துரத்திவிட்ட ஒருத்தர்.

அந்தப் பட்டியல் தானாக வந்ததா?

இதைத் தெரிந்துகொண்ட பிறகு நாவலை நான் திரும்பப் படித்தேன். முதல் தடவை படித்தபோது, கொன்ராடின் மனம் மாறினான், செத்தான், அதைப் பட்டியல் தெரிவித்தது என்று நினைத்திருந்தேன். இரண்டாவது தடவை வேறு ஒன்று கண்ணில் பட்டது. நன்கொடை கேட்டு அச்சடித்த அந்தக் கையேட்டில், தூக்கிலிடப்பட்டவனின் பெயரைப் போரில் இறந்தவர்களோடு சேர்த்துப் போட யாரோ ஒருத்தர் முடிவு எடுத்திருக்கணும். பெயரை விட்டுவிடலாம். பெயரை மட்டும் போட்டுக் காரணத்தை மறைக்கலாம். அந்தக் காலத்து ஜெர்மனியில் இரண்டுமே நடக்கக்கூடியவைதான். காரணத்தையும் சேர்த்து அச்சடிக்க, அதற்கு முன்னால் யாரோ நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் சண்டை போட்டிருக்க வேண்டும். நிஜ வரலாற்றில் அந்தச் சண்டையைப் போட்டவர்களில் முக்கியமானவர், அதே பள்ளியின் யூத மாணவர்.

அதாவது, ஹான்ஸுக்கு அவன் நண்பன் திரும்பக் கிடைத்தது வெறும் தற்செயல் இல்லை. ஒரு நாடு தன் கடந்த காலத்தை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று முடிவு செய்த பிறகுதான் அந்த வரியை அச்சடிக்க முடிந்தது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பட்டியலில் யார் இல்லை? போரில் இறந்த மாணவர்களுக்கான பட்டியல் அது. ஹான்ஸின் அப்பா, அம்மா அதில் இல்லை. அவர்கள் பள்ளி மாணவர்கள் இல்லை, போரிலும் சாகவில்லை. நன்கொடை கேட்டு எழுதிய பள்ளிக்கூடம், இந்த மனிதர் ஏன் அமெரிக்காவில் இருக்கிறார் என்று கேட்கவே இல்லை. தன்னை அடித்துத் துரத்திய பையன்களுக்கும் சேர்த்துத்தான் அவரிடம் நினைவுச் சின்னத்துக்குப் பணம் கேட்கிறார்கள்.

மன்னிப்பா?

அப்படியென்றால் கடைசி வரி எல்லாவற்றையும் சரியாக்கிவிடுகிறதா? இதுல வாசகர்கள் ரெண்டு கட்சி. எனக்கு அது சரியாக்குவதாகத் தெரியவில்லை. சரியாக்கவும் உல்மன் முயற்சி செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நிஜ ஸ்டாஃபன்பர்க்கையே எடுத்துக்குவோம். 1933-ல் அவர் நாஜி எதிர்ப்பாளர் இல்லை. நாட்டின் மறுமலர்ச்சி என்று அதை வரவேற்றவர்களில் ஒருத்தர். 1939-ல் போலந்துப் போர்முனையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த ஊர் மக்களையும் யூதர்களையும் இழிவாகவே எழுதியிருக்கிறார். குண்டு வைக்க முடிவெடுத்தது அதற்குப் பல வருஷம் கழித்து. அந்தத் துணிச்சலை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்குள் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரீகாவுக்கு ரயில் போய்விட்டது.

கொன்ராடினும் அப்படித்தான். ஓபராவில் கண்ணைத் திருப்பிக்கொண்டவனும், ஹிட்லரை நம்பிக் கடிதம் எழுதியவனும், கடைசியில் உயிரைக் கொடுத்தவனும் ஒரே ஆள்தான். ஹான்ஸ் அவனோடு பேசவே முடியாது. ‘ஏன் அன்னைக்குப் பார்க்காம போனே?’ன்னு கேட்க முடியாது. ‘எப்போ மாறினே?’ன்னும் கேட்க முடியாது. அந்தக் கேள்விகளோடுதான் மிச்ச வாழ்க்கை.

உல்மனுக்கும் அந்தக் கேள்விகள் விடவில்லை போல. பின்னால் இதோடு சேர்ந்த இன்னும் இரண்டு சின்ன நாவல்கள் எழுதினார். ஒன்று, தண்டனைக்கு முன்னால் கொன்ராடினே ஹான்ஸுக்கு எழுதும் நீண்ட கடிதம். இன்னொன்றில் தப்பிப் பிழைத்த ஒரு யூத ஓவியர் பல வருஷம் கழித்துச் சொந்த ஊருக்குப் போய் பழைய வகுப்புத் தோழர்களை நேரிலேயே பார்க்கிறார். அதன் தலைப்பே ‘உயிர்த்தெழுதல் எதுவும் வேண்டாம்’ என்ற அர்த்தத்தில் வரும். உயிரோடு இருக்கும் நண்பர்களைச் சந்திப்பது, செத்தவனை ஒரு வரியில் சந்திப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது அதில்.

1989-ல் ‘ரீயூனியன்’ படமாகவும் வந்தது. இயக்கம் ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க், திரைக்கதை ஹாரல்ட் பின்ட்டர். படத்தில் தபால் வருவதற்குப் பதிலாக, வயதான நாயகன் நேரில் ஸ்டுட்கார்ட் திரும்பி நண்பனைத் தேடுகிறார். படம் நல்ல படம்தான். ஆனால் புத்தகத்தில் அவர் தேடிப் போகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கால் நூற்றாண்டாகத் தேடாமல் இருப்பதற்கே அவர் அவ்வளவு பாடுபடுகிறார். கடைசியில் ‘ஹெச்’ பக்கத்தைத் திருப்பும்போதும் தயங்கித்தான் திருப்புகிறார்.

ஃபிரிட்ஸ் பாவர் கதை 1952-ல் முடியவில்லை. ஐக்மன் அர்ஜென்டினாவில் இருப்பதை இஸ்ரேலுக்குத் தெரியப்படுத்தியதும், 1963-ல் தொடங்கிய ஃபிராங்க்ஃபர்ட் ஆஷ்விட்ஸ் விசாரணையைக் கொண்டுவந்ததும் இதே பாவர்தான். 1968 ஜூலை 1-ம் தேதி காலமானார். உல்மனின் நாவல் வர இன்னும் மூணு வருஷம் இருந்தது. அதனால அவர் அதைப் படிக்கவில்லை. படிச்சிருந்தா அந்தப் பள்ளிக்கூடத்தை உடனே அடையாளம் கண்டுபிடிச்சிருப்பார்.

இந்தப் புத்தகத்தைத் தேடிப் படிங்க. ரெண்டு மணி நேரம் போதும். படிச்சவங்க, கடைசி வரியை நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்கன்னு எழுதுங்க. முக்கியமா, கொன்ராடினை மன்னிக்க முடியலைன்னு சொல்றவங்க எழுதுங்க. உங்க பக்க நியாயத்தை அடுத்த எபிசோட் ஆரம்பத்துல வாசிக்கிறேன்.